பி.எச்டி.க்கு ஒரு பந்தல்

போன சனிக்கிழமை எதிர்வீட்டு மொட்டை மாடியில் பந்தல்கால் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணமா, காதுகுத்தா என்கிறீர்களா? இல்லை — பி.எச்டி!

எங்கள் ஆர்.எஸ்.புரம் தெருவில் சரஸ்வதியைத் தெரியாதவர் கிடையாது. நாற்பத்தாறு வயதில் முனைவர் பட்ட ஆராய்ச்சி. பாசியை வைத்து கரண்ட் எடுக்கிறார்! மாடியில் வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சாக்கடைச் சேறு, மறுபக்கம் பச்சைப் பசேலென்று பாசித் தண்ணீர். சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று எலெக்ட்ரானை வெளியே விடும். அது கம்பி வழியே ஓடிவந்தால், மறுபக்கம் வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். அதைக் கொடுப்பது பாசி. எல்லாம் சேர்ந்து ஒரு குட்டி எல்.இ.டி. எரியும். சிரிக்காதீர்கள்... ஆறு வருட உழைப்பு!

அன்றைக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார். விளக்கு எரிவதை நேரில் பார்த்தால்தான் கையெழுத்து.

சரஸ்வதியின் கணவர் நாச்சிமுத்துவுக்குத் தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு. விடிந்ததும் கீற்றுக் கட்டோடு வந்துவிட்டார்.

"ஏனுங்ணா, ஊட்டுக்கு வர்ற மனுசர வெயில்ல நிக்க வெச்சா நல்லாவாங்க இருக்கும்? ஒரு கை புடிங்க!"

பிடித்தேன். சரஸ்வதியோ கீழே காகிதங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மாடி முழுக்க ஜிலுஜிலு நிழல். எங்களுக்கு ஒரே பெருமை.

பதினொரு மணிக்குத் தேர்வாளர் வந்தார். சரஸ்வதி ஸ்விட்சைப் போட்டார். விளக்கு எரியவில்லை.

மறுபடி... ஊஹூம். சரஸ்வதியின் முகம் வெளுத்துவிட்டது. கரண்டை அளக்கும் மீட்டரைத் தட்டிப் பார்த்தவர், அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க, இந்தப் பந்தல ஆருங்க போட்டது? வெயில் இல்லாம பாசி எப்படிங்க ஆக்சிஜன் உடும்?"

கோபத்திலும் எங்கள் ஊரில் 'ங்க' குறையாது.

"பிரிச்சுப்போடறேன் அம்மணி!" என்று நாச்சிமுத்து பாய்ந்து ஏறினார். கீற்றுகள் தெருவில் பறந்தன. தேர்வாளரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு கயிறு அவிழ்த்தார். பிறகு நான்கு பேரும் உச்சி வெயிலில் தொட்டிகளைச் சுற்றி நின்றோம், பாசியில் குமிழி வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தபடி. என் வழுக்கை வெந்தது. யாராவது நிழலுக்குப் போகச் சொன்னார்களா? மூச்!

முக்கால் மணி நேரம். மீட்டரில் எண் மெல்ல மெல்ல ஏறியது. பொட்டு அளவுக்கு ஒரு சிவப்பு வெளிச்சம்... எரிந்தே விட்டது! நாச்சிமுத்து விசிலடித்தார். நான் ஒரு குத்தாட்டமே போட்டேன் — இந்த வயதில்!

தேர்வாளர் வியர்வை சொட்டச் சொட்டக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"டாக்டர், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

யாரைக் கூப்பிடுகிறார் என்று சரஸ்வதி திரும்பிப் பார்த்தார்!