அடிப்பக்கம் இல்லாத வளையம்

என் மேசைமேல் பழுப்பு நிறப் பீங்கான் வளையம் ஒன்று கிடக்கிறது. வளையலைவிடச் சின்னது, விரல் தடிமன் இருக்கும், வெளிச்சுற்றில் ஒரு பள்ளம் ஓடும். விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் இல்லாத வீடு கிடையாது என்பதால் இது என்னவென்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்ல எனக்கு ஆசைதான். இதே அச்சில் செய்து, இதோடு ஒரே சூளையில் சுட்ட இன்னொன்று புதுச்சேரியில் ஒரு படகில், பாய்மரத்தின் காலடியில் கட்டியிருக்கிறது. இரண்டையும் செய்யவைத்தவர் என் அக்கா புருஷன். எனக்கு மாமா.

சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்த மாமாவுக்கு இங்கே மூச்சு முட்டியது. புதுச்சேரியில் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிப்போட்டார். வாரக்கடைசி வந்தால் பஸ் ஏறிவிடுவார். அக்கா அந்தப் படகைச் சக்களத்தி என்பாள். பிறகு பைக்கில் சறுக்கி விழுந்து அவருக்கு வலது தோள் போனது. காற்று வலுத்தால் பாயைச் சட்டென்று கீழே இழுத்துச் சுருக்க வேண்டும். இடது கை சுக்கானை விடக் கூடாது, வலது கைதான் கயிற்றை இழுக்க வேண்டும். அந்தக் கயிறோ மூன்று இடத்தில் மடங்கி, துருப்பிடித்த கப்பிகளில் சிக்கித்தான் உட்காரும் இடத்துக்கு வந்து சேரும். நல்ல தோளுக்கே பெரும்பாடு. "ஒக்காந்த எடத்துலேருந்து ஒத்தக் கையால பாயைச் சுருக்கிக் காட்டுங்க. முடியலன்னா படகை வித்துடுங்க. நடுக்கடல்ல ஒங்கள யாரு தேடுறது?" என்றாள் அக்கா. அவள் சொன்னால் சொன்னதுதான்.

அக்காவும் நானும் நடத்திய பட்டறையில் மின்கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டும் கம்பிகளுக்கான பீங்கான்கள் செய்தோம். அதில் ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டே மாமா, "மாப்ள, இம்மாம் இழுப்பத் தாங்குதே, கயிறு வழுக்கிக்கிட்டுப் போற மாதிரி ஒரு வளையம் பண்ண முடியாதா?" என்று கேட்டார். கப்பிகளைக் கழற்றிவிட்டு, மூன்று மடிப்பை ஒன்றாக்கி, அங்கே வளையத்தைக் கட்டுவது அவர் யோசனை. செய்தோம், பளபளவென்று வந்தது. வேப்பமரத்தில் அதைக் கட்டி, கயிற்றின் ஒரு முனையில் களிமண் மூட்டையைத் தொங்கவிட்டு, வலது தோளை அலட்டாமல் இடது கையால் நாளெல்லாம் இழுத்துப் பார்த்தார். "கெணறே இல்லாம தண்ணி எறைக்கிறாரே ஒங்க மாமா" என்றார் பெண்ணாடத்திலிருந்து வந்த லாரிக்காரர். சாயங்காலம் பார்த்தால் கயிறு பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது.

அது எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மேலே பூசும் கண்ணாடி மெருகு சூட்டில் உருகிச் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் எந்தச் சாமானுக்கும் அடியில் அதை விடமாட்டோம். பொம்மையோ ஜாடியோ, கை தானாகவே அடியைத் துடைத்துவிடும். வளையத்தையும் அப்படியே துடைத்து, படுக்கவைத்துச் சுட்டிருந்தோம். சொரசொரப்பான அந்த விளிம்பில்தான் கயிறு உரசியிருக்கிறது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். படகு ஒழியட்டும் என்றிருந்தவள், சிரித்து முடித்துவிட்டு வழியும் சொன்னாள். "வெளிப்பக்கத்துப் பள்ளத்துல முட்டுக் குடுத்து நிறுத்தி வச்சு சுடுடா. அந்தப் பள்ளத்துல மட்டும் மெருகு வேணாம். அங்க கட்டுக்கயிறுதான வரப்போவுது, சொரசொரன்னு இருந்தா நல்லாப் புடிச்சுக்கும்." அந்தச் சூளையைப் பிரித்தபோது எங்களை முந்திக்கொண்டு எட்டிப் பார்த்தவளும் அவள்தான்.

சோதனை நாளில் அக்கா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தாள். மாமா இடது கையில் சுக்கானோடு வலது கையால் கயிற்றை இழுத்தார். பாய் மடமடவென்று இறங்கியது. "பாத்தியா? சுண்டு வெரலே போதும்" என்று சிரித்தார். படகு தப்பித்தது. அதன் பிறகு எத்தனையோ வருடம் அந்தச் சிரிப்போடுதான் கடலுக்குப் போனார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

போன வருடம் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். படகை நான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் அக்கா தானும் வருகிறேன் என்றாள். அவர் இடத்தில் உட்கார்ந்து, பாயைத் தானே இறக்குவதாகக் கயிற்றைப் பிடித்தாள். ஒரு கையால் இழுத்தாள், அசையவில்லை. இரண்டு கையாலும், காலை முட்டுக் கொடுத்து இழுத்தபோதுதான் இறங்கியது. "இவ்ளோ கனமாவாடா இருந்துது?" என்றாள். கயிற்றை விடாமல், "அந்தத் தோள வச்சுக்கிட்டு சிரிச்சாரேடா" என்றாள். கயிறு பழசு, உப்பேறி விறைத்துவிட்டது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கயிறு புதிது. போன மாதம் நான்தான் மாற்றினேன், அவளும் கூட இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் இருந்த வளையத்தை எடுத்து உள்ளே விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். எங்கேயும் ஒரு பிசிறு இல்லை, வழவழவென்றுதான் இருக்கிறது.