உயிர்க்காலில் நின்ற கை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். மந்தைவெளியில் எங்கள் கார் ஷெட் வாசலில் ஒரு வண்டியின் பானெட்டைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெயிண்டர் மாணிக்கம் வந்தார். எப்போதும் சைக்கிளைச் சுவரில் சாய்த்து, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்ப்பவர், அன்றைக்கு அப்படியே கீழே போட்டார். "பாய் பூட்டாரு, அக்கா. மதியானத் தொழுகைக்கு அப்பால எடுக்கறாங்களாம்," என்றார். கையிலிருந்த உப்புத்தாளை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு ஈரக் கையோடு கிளம்பினேன்.

கரீம் பாயை உங்களில் பல பேருக்கு என்னைவிட அதிக நாள் தெரியும். மந்தைவெளியிலும் தேனாம்பேட்டையிலும் டிங்கர் வேலை செய்கிற பாதிப் பேர், கதவு சேரவில்லை என்று ஒரு தடவையாவது அவரைக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பீர்கள். நான் அவரோடு ஏழு வருஷம் இருந்தேன். அவர் இரும்பைத் தட்டி நிமிர்த்துவார். நான் அதன் மேல் பள்ளம் தெரியாமல் பட்டி பூசித் தேய்ப்பேன். எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

வண்டியின் கூரையைத் தாங்குகிற தூண்களுக்கு எல்லா ஷெட்டிலும் பில்லர் என்றுதான் பேர். கம்பெனிக்காரர்கள் முன்னாலிருந்து ஏ, பி, சி என்று எழுத்துப் போடுவார்கள். பாய் அவற்றைக் கால் என்பார். ஒவ்வொன்றும் செய்கிற வேலையைப் பார்த்து அவரே பேரும் வைத்திருந்தார். முன்கண்ணாடியைப் பிடித்திருப்பது கண்ணாடிக்கால். பின்சீட்டுக்குப் பின்னால் கூரையை இறக்கிக் கொண்டுவருவது முதுகுக்கால். இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கிறதே, முன்கதவு வந்து பூட்டிக்கொள்ளவும் பின்கதவு தொங்கவும் இடம் கொடுக்கிறதே, அது உயிர்க்கால்.

ஒரு இன்சூரன்ஸ்காரர் இந்தப் பேரைக் கேட்டுச் சிரித்தார். எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று கேட்டார். பாய் கோபப்படவில்லை. அவரை முன்சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். வெளியிலிருந்து அந்தத் தூணை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே அவர் தோளுக்கு நாலு விரல் தள்ளி அது அதிர்ந்தது. "பக்கவாட்டுல பஸ்ஸு வந்தா, அதுக்கும் உங்களுக்கும் நடுவுல வேற இன்னா சார் கீது?" என்றார். அந்த மனிதர் இறங்கி வந்து ஃபாரத்தில் 'பி' என்றுதான் எழுதினார். ஆனால் அடுத்த தடவை வந்தபோது, உயிர்க்கால் எப்படி இருக்கிறது பாய் என்று அவரே கேட்டார்.

அவர் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரைமர் அடிக்கப்போன ஒரு கதவில் மாணிக்கம் ஒரு பஸ் டிக்கெட்டை ஒட்டி, அதற்கு மேல் பிரைமர் அடித்துவிட்டார். பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாய் கண்ணை மூடிக்கொண்டு கதவின் மேல் கையை ஓட்டினார். பாதியில் நின்றார். "மாணிக்கம், டிக்கெட்ட எடு, செக்கிங் வந்துட்டான்," என்றார். அன்று முழுக்க ஷெட்டில் இதே சிரிப்புதான். நான் மட்டும் அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாதாரணக் கைதான், நகமெல்லாம் கறுத்த கை.

பெயிண்டுக்கு முந்தின நாள் அவர் பேர் கூப்பிடுவார். பிரைமர் பூசிய வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு காலிலும் உள்ளங்கையை வைத்து அதன் பேரைச் சொல்வார். அதைக் கடைசியாகத் தொட்டு வேலை செய்தவர் பதில் சொல்ல வேண்டும். முழுக்க இரும்பானால் 'இரும்பு', மேலே பூசியிருந்தால் 'பட்டி'. கதவிலும் பானெட்டிலும் பட்டி இருக்கலாம், காலில் கூடாது. "கதவுல வெச்சா அழகு, கால்ல வெச்சா பொய்யி," என்பார். சுத்தியலால் தட்டிக் கேட்டாலே தெரிந்துவிடும், காந்தம் வைத்தாலும் தெரிந்துவிடும், ஏன் இந்தக் கூப்பாடு என்று ஒருநாள் கேட்டேன். "கூட வேல செய்யறவன தட்டிப் பாத்துட்டு, அப்பால இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு அவன்கூட டீ குடிக்கறது?" என்றார்.

நாலாவது வருஷம் தி. நகர் துணிக்கடைக்காரர் ஒருவரின் வண்டி வந்தது. லாரி இடித்து இடது பக்க உயிர்க்கால் உள்ளே மடங்கியிருந்தது. சீட்டைக் கழற்றி, காலை வெட்டி, புது இரும்பு வைத்து வெல்டிங் செய்ய வேண்டிய வேலை. பாய், தங்கை மகள் கல்யாணத்துக்கு ஆற்காடு போயிருந்தார். துணிக்கடைக்காரருக்கோ ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டும். வேலூரில் மகளுக்கு வளைகாப்பு, முடித்து அன்றைக்கே பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, தட்டின மட்டும் போதும், மேலே பட்டி கட்டித் தேய்த்துவிடு, பாயிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். சரி என்று பட்டியைக் கையில் எடுத்தேன். இரண்டு நாள் தேய்த்தேன். அவ்வளவு நன்றாக அதற்கு முன்னால் நான் எதையும் தேய்த்ததில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பாய் வந்தார். வெளியிலிருந்து வெல்டர் வந்து முடித்துவிட்டதாக முதலாளி சொன்னார். பாய் தலையாட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். மகளை அழைத்து வர வண்டி தயாரா என்று கேட்டுக்கொண்டு துணிக்கடைக்காரரும் வந்து நின்றிருந்தார். பாய் வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். கண்ணாடிக்கால் என்றார், இரும்பு என்றேன். ஒவ்வொன்றுக்கும் உடனே சொல்லிக்கொண்டு வந்தேன். இடது பக்கம் வந்தது. கையை வைத்தார். "உயிர்க்கால்," என்றார்.

எனக்குச் சத்தம் வரவில்லை. முதலாளி என்னையே பார்த்தார். இந்த வேலை போனால் வேறு வேலைக்கு நான் எங்கே போவது என்று மனதில் ஓடியது. பாயின் கை மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"பட்டி," என்றேன்.

முதலாளி, அவளுக்கு ஒன்றும் தெரியாது, உளறுகிறாள் என்று கத்தினார். பாய் அவர் பக்கமே திரும்பவில்லை. துணிக்கடைக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்: "பொண்ணு இந்தப் பக்கமா சாஞ்சிக்கினுதான் சார் தூங்கும்."

அந்த மனிதர் பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். நாலு நாள் என்றார் பாய். "நான் அவளை ரயில்ல கூட்டிண்டு வந்துடறேன். நீங்க சரியா பண்ணுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளையிலிருந்து நீ வராதே என்று முதலாளி என்னிடம் சொன்னார். பாய் சட்டையை மாட்டிக்கொண்டே, "அப்ப நாளைக்கு பேரு கூப்பிட்டா யாரு நைனா பதில் சொல்றது?" என்றார். முதலாளி சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் நான் வழக்கம்போல வந்தேன்.

மூச்சுத் தொந்தரவில் பாய் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் தேனாம்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வண்டிப் பேச்சு வந்தது. "அன்னிக்கு உங்க கை கண்டுபுடிச்சிடுச்சே பாய்," என்றேன். இத்தனை வருஷமாக நான் ஊரெல்லாம் சொல்லி வந்ததும் அதுதான்.

அவர் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, அடங்க நேரமானது.

"எங்க கண்டுபுடிச்சிது? ஒண்ணும் தெரியலம்மா. இரும்பு மாதிரியேதான் இருந்துது, அப்பிடி தேச்சிருந்த நீ. எல்லாத்துக்கும் உடனே சொன்ன, அதுக்கு மட்டும் சொல்லல. அதான் கைய எடுக்காம நின்னுக்கினு இருந்தேன்."

பஸ் டிக்கெட்டைக் கண்டுபிடித்த கை. அதன் பெருமையை அவர் அப்படியே விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. உண்மை சொன்ன பெருமையாக என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது, என்னுடைய நிறுத்தம் தாண்டிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் முகத்தைப் பார்த்தேன். கையைத் துணியால் மூடியிருந்தார்கள்.

புதன்கிழமை ஷெட்டில் ஒரு வண்டி பெயிண்டுக்குத் தயாராக நின்றது. பாய் வேலையை விட்ட பிறகு இங்கே யாரும் பேர் கூப்பிடுவதில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கண்ணாடிக்காலில் வைத்தேன். "இன்னாக்கா, கோயில சுத்தற மாதிரி சுத்தற?" என்று புது டிங்கர் கேட்டார். வண்டியைச் சுற்றி, அவர் வேலை செய்திருந்த உயிர்க்காலுக்கு வந்து, அதன் பேரைச் சொல்லி, இரும்பா பட்டியா என்று கேட்டுவிட்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் சிரிப்பு நின்றது. சுத்தியலைக் கீழே வைத்தார்.

என் கைக்குப் பிரைமருக்கு அடியில் இருப்பது எதுவும் தெரியாது. பதில் வருகிற வரைக்கும் எடுக்காமல் இருக்க மட்டும் தெரியும். பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.