வேட்டுக்கு அசையாத குட்டி

2023 மே 12, வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால் மணி. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேல்காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கயத்தாறுக்குப் பக்கம், நான்குவழிச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஒரு நாய்ப் பண்ணையின் வாசலில் நானும் மனைவியும் ஆட்டோவிலிருந்து இறங்கினோம். ஆட்டோக்காரர் காத்திருப்புக்குத் தனியாகக் கேட்டார். ஆரம்பமே எனக்குச் சரியாகப் படவில்லை.

கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இரண்டு வீடுகளில் திருடு போயிருந்தது. பிள்ளைகள் வெளியூரில். நாய் ஒன்று வேண்டும் என்று மனைவி சொன்னாள். விளாத்திகுளம் பக்கம் விவசாயம் பார்க்கும் அவள் தம்பி, தன் வீட்டில் வளரும் கன்னி இன நாய் போட்ட குட்டியைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். அந்தப் பக்கத்தில் கன்னிக் குட்டியை விற்க மாட்டார்கள். வாங்குகிறவரும் அதையோ அதன் குட்டிகளையோ விற்பதில்லை என்று வாக்குக் கொடுக்க வேண்டும். நான் வேண்டாம் என்றேன். சும்மா வருகிற குட்டியைப் பார்க்க மச்சினன் மாதம் ஒருமுறை வருவார், வந்தால் சாப்பிடுவார், சரியாக வளர்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். காசு கொடுத்து வாங்கினால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். தீப்பெட்டி ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு எழுதியவனின் நினைப்பு அது.

பண்ணைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். ராஜபாளையம் நாய்களைக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோகிறவர். முன்னறைக் கண்ணாடி அலமாரியில் இருபத்து மூன்று கோப்பைகள் இருந்தன. பின்கட்டில் தாய் நாய் வேப்பமர நிழலில் படுத்திருந்தது. சுற்றிலும் ஏழு குட்டிகள், எல்லாம் வெள்ளை வெளேரென்று. குட்டி ஒன்று பதினைந்தாயிரம். நான் பத்தில் ஆரம்பித்தேன். அவர் சிரித்தபடி தலையை மட்டும் ஆட்டினார்.

பக்கத்து ஊரில் அம்மன் கோயில் கொடை விழா. பேசிக்கொண்டிருக்கும்போதே வேட்டுப் போட்டார்கள். ஆட்டோக்காரரே திடுக்கிட்டார். ஆறு குட்டிகள் விழுந்தடித்துத் தாயின் வயிற்றுக்கடியில் புகுந்தன. ஒன்று மட்டும் வெயிலில் வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கியது. அடுத்தடுத்து ஐந்து வேட்டு. அதன் காதுமடல்கூட அசையவில்லை.

எங்கள் ஊரில் கல்யாணம், கொடை, எழவு எல்லாவற்றுக்கும் வெடிதான். எதிர்வீட்டு நாய் ஒரு தீபாவளிக்கு வெடிக்குப் பயந்து ஓடி, திரும்பி வரவே இல்லை. அதனால் இந்தக் குட்டியைப் பார்த்ததும் எனக்குப் பேரம் மறந்துபோனது. “இதுதான் நம்ம ஊருக்கு ஏத்த நாய்” என்று மனைவியிடம் சொன்னேன். தைரியத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு. பண்ணைக்காரர் ஒரு கணம் குட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள், அது தூங்கும்போது மனைவி தவறுதலாக இட்லிக் கொப்பரையின் மூடியைக் கீழே போட்டாள். அடுத்த அறையிலிருந்து நான் ஓடிவந்தேன். குட்டி தூங்கிக்கொண்டே இருந்தது. அவள் மூடியை எடுத்து வேண்டுமென்றே இன்னொரு முறை போட்டாள். அப்புறம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கால்நடை மருத்துவர் பத்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார்: இரண்டு காதும் பிறவியிலேயே கேட்காது, இரண்டு சுத்த வெள்ளை நாய்களைச் சேர்த்தால் சில குட்டிகள் இப்படிப் பிறக்கும்.

போனில் நான் கத்தினேன். பண்ணைக்காரர் கத்தவில்லை. கொண்டுவாருங்கள், வேறு குட்டி தருகிறேன், ஒரு பைசா வேண்டாம் என்றார். நியாயமான பேச்சு. மறுநாளே கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். வழியெல்லாம் அது என் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டே வந்தது. மனைவி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள்.

அங்கே மாற்றுக் குட்டி தயாராக இருந்தது. கைதட்டினால் திரும்பியது. எல்லாம் சரிதான். கிளம்பப் போகும் நேரத்தில், எனக்கிருக்கும் நச்சரிக்கும் குணத்தால், இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

அவர் கூடைக்குள் கையை விட்டுக் குட்டியின் கண்ணில் இருந்த பீளையைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். “ஒரு ஊசி, அண்ணாச்சி. வலி தெரியாது. சும்மா யாருக்காச்சும் குடுத்தா ரெண்டு மாசத்துல ரோட்டுல விட்டுருவாங்க. லாரி வார சத்தம் இதுக்கு எங்கன கேக்கும்?”

எனக்குக் கோபம் வந்தது. இப்படிப் பிறக்கும் என்று தெரிந்துமா இரண்டு வெள்ளையைச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

“புள்ளி விழுந்தா கப்பு கெடைக்காது. வாங்குதவங்களும் அதத்தான கேக்குதாங்க. நீங்க போன்ல என்ன கேட்டீங்க அண்ணாச்சி?”

முதன்முதலில் போன் செய்தபோது, ஒரு புள்ளிகூட இல்லாத சுத்த வெள்ளை வேண்டும் என்று கேட்டிருந்தேன். எங்கள் வீட்டு வெள்ளைத் தரைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வசதி. ஆனால் அவர் உட்கார்ந்ததும் அந்தத் தாய் நாய் எழுந்து வந்து அவர் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டது. அதற்கு எத்தனை வயது என்று கேட்டேன். ஐந்து. எத்தனையாவது ஈற்று? நாலாவது. மடி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தீவனம், மருந்து, கண்காட்சிக்குப் போகும் வேன் வாடகை என்று அவரும் தன் கணக்கைச் சொன்னார். அதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. தாய்க்கு அந்தக் கணக்கில் என்ன வரவு என்பதைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை.

மனைவி கூடையின் பக்கம் வந்து நின்றாள். இப்போது என்னிடம், “ஏங்க, அந்த ஊசி எவ்வளவுன்னு கேட்டுக்கிடுங்க. நாளைக்கு உங்களுக்குக் கணக்கு இடிக்கும்லா” என்றாள்.

நான் மாற்றுக் குட்டியைக் கையில் மாற்றிப் பிடித்தேன்.

“எங்க ஊர்லயும் நோஞ்சான் குட்டிய எங்கப்பா கொண்டுபோய்க் கெணத்துல போட்டத நான் பாத்துருக்கேன்” என்றாள் பண்ணைக்காரரிடம். “அதனால உங்கள ஒண்ணும் சொல்லல தம்பி. ஆனா இது என் மடியில நாலு நாள் தூங்கிருக்கு. கூடைய இங்கன தாங்க.”

“மதினி, காவலுக்கு ஆகாது” என்றார் அவர்.

“இவியளும்தான் காவலுக்கு ஆகாது. முப்பத்தெட்டு வருசமா வச்சுப் பாக்கலையா?”

அவர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். நான் மாற்றுக் குட்டியை இறக்கிவிட்டேன். அப்போதும் என் புத்தி போகவில்லை. பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அவர் ஆறாயிரம் எண்ணிக் கொடுத்தார். இதற்குக் கருத்தடை செய்துவிட வேண்டும், குட்டி போட விடக் கூடாது என்று ஒரே ஒரு வாக்குக் கேட்டார். விற்பவருக்கும் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். காசு கொடுத்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தது அதோடு போயிற்று.

இப்போது அது முழு நாயாக வளர்ந்துவிட்டது, எங்களுக்கு வயதாகி வருகிறது. கேட்காத நாய்க்குப் பெயர் எதற்கு என்று நான் வைக்கவில்லை. மனைவி மட்டும் ஒருநாள் விடாமல் ‘ஏலே’ என்று கூப்பிட்டுவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து தரையை மிதிப்பாள். அதிர்வு காலுக்குப் போய், அது எழுந்து வரும். முன்னால் போய் நின்று நம் முகம் தெரிந்த பிறகுதான் தொட வேண்டும். இல்லையென்றால் திடுக்கிட்டு நடுங்கும். அதற்காகவே நான் இந்த வயதில் நாயைச் சுற்றி நடக்கப் பழகினேன். நான் குளியலறைக்குள் போனால் கதவடியில் வெளிச்சம் மறையும்படி ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அது குரைப்பதில்லை. இதுவரை திருடனும் வரவில்லை.

நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்கள் எங்கே குட்டி வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். வாங்காதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கோப்பைகளை எண்ணாதீர்கள், தாயைக் காட்டச் சொல்லி அது எத்தனை ஈற்று போட்டது என்று கேளுங்கள், நிறத்தைக் கேட்காதீர்கள் என்று சொல்கிறேன். இரண்டு பேர் அதைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பினார்கள். ஒருவர் சுத்த வெள்ளையாகப் பார்த்து வாங்கிவந்தார்.

குட்டிக்குக் கொடுத்ததில் திரும்பி வந்தது போக ஒன்பதாயிரம். தடுப்பூசிகளும் கருத்தடையும் ஏழாயிரத்து நானூற்று ஐம்பது. வண்டிச் சத்தம் கேட்காமல் தெருவில் இறங்கிவிடக் கூடாது என்று போட்ட இரும்புக் கேட்டும் சுற்றிலும் கட்டிய வலையும் பதினாலாயிரத்து இருநூறு. பஸ், ஆட்டோ எண்ணூற்று அறுபது. சாப்பாட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, வீட்டு ஆளுக்கு யாரும் சோற்றுக் கணக்குப் பார்ப்பதில்லை என்று மனைவி சொல்லிவிட்டாள். ஆக மொத்தம் முப்பத்தோராயிரத்து ஐந்நூற்றுப் பத்து ரூபாய்.