அட்டை இல்லாத மாத்திரைகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு கறுப்பு ஃபிலிம் டப்பா கிடக்கிறது. கேமராவில் ஃபிலிம் சுருள் போட்ட காலத்தில் கூடவே வருமே, சாம்பல் மூடி போட்ட அந்தச் சின்ன டப்பாதான். திறந்தால் இன்றைக்கும் பெருங்காய வாசனை அடிக்கும். உள்ளே முப்பது வெள்ளை மாத்திரைகள். எங்கள் வீட்டில் யாருக்கும் எந்த டாக்டரும் எழுதித்தராத மாத்திரைகள்.

சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்த என்னை முதன்முதலாக மூன்று மாதத்துக்கு லண்டன் அனுப்பினார்கள். சென்னையில் எங்கள் அஸ்தினாபுரம் தெருவில் சேதி பரவ ஒரு சாயங்காலம் போதும். ஊறுகாய், அப்பளம் என்று ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்துவிட்டார்கள். எதிர் வீட்டுக் கணக்கு டீச்சர் கடைசியாக வந்தார். லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில் அவர் மகன் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தான். டீச்சர் கையில் ஆறு ஃபிலிம் டப்பாக்கள், ஒவ்வொரு மூடியையும் சுற்றிப் பிளாஸ்திரி. "விட்டமின் மாத்திரைதான் தம்பி. பையனுக்கு முடி கொட்டுதாம்" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தேதி பார்க்காமல் பால் பாக்கெட்கூட வாங்காத மனுஷி, பெயரும் தேதியும் போட்ட அட்டையை ஏன் பிய்த்துப் போட வேண்டும்? ஆபீசில் வேறு படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள், அவரவர் மருந்தை மட்டும் அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் எடுத்துப் போங்கள் என்று. ஒரு டப்பாவைக் குரோம்பேட்டை மருந்துக் கடையில் காட்டினேன். கடைக்காரர் ஒரு மாத்திரையைப் புரட்டிப் பார்த்தார். "அட்டை இல்லாம இன்னா சார் சொல்றது? வெள்ளையா வட்டமா ஆயிரம் கீது. ஆனா விட்டமின் மாதிரி தோணல." கையில் விலங்கோடு என் படம் பேப்பரில் வருவதுவரை யோசித்துவிட்டேன்.

"சீட்டும் அட்டையும் குடுங்க டீச்சர், தாராளமா கொண்டு போறேன்" என்றேன். சீட்டை எங்கேயோ வைத்துவிட்டாராம். "என்னைச் சந்தேகப்படறியா?" என்று கேட்டார். ஏர்போர்ட்டில் என்னைத்தான் சந்தேகப்படுவார்கள் என்று சமாளித்தேன். பச்சைப் பொய். ஆறு டப்பாவையும் வாங்கிக்கொண்டு போனவர், மறுநாள் காலை ஒரு பருப்புப் பொடிப் பொட்டலத்தோடு வந்து நின்றார். "இதையாவது எடுத்துட்டுப் போவியா?" மனசு கேட்கவில்லை. வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

லண்டனில் என் பெட்டியை ஒருவரும் திறக்கச் சொல்லவில்லை. பையன் போன் செய்தான். "அண்ணா, பொடி எப்ப வாங்கிக்கலாம்?" அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். மறுபடி செய்தான். "இன்னிக்கே நான் வர்றேண்ணா." பொடிக்கு எவனாவது இப்படிப் பறப்பானா என்று எரிச்சல் வந்தது. வேலை தலைக்கு மேல் இருந்தது, சனிக்கிழமை வா என்றேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், பொடியை மட்டும் சந்தேகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அவன் போனில் கடைசியாக இருந்தது என் நம்பர். ரயில் பிடித்து ஓடினேன். விடுதி மாடிப்படியில் வலிப்பு வந்து உருண்டிருக்கிறான். முன்பற்கள் இரண்டு போய், மணிக்கட்டு முறிந்து, நினைவில்லாமல் கிடந்தான். வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று டாக்டர் கேட்டார். டீச்சருக்குப் போன் போட்டேன். வகுப்பில் சொல்வதுபோல மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். கடைசியில்தான் குரல் உடைந்தது. "பொடிக்குள்ள ஒரு டப்பா வெச்சிருந்தேனே. நீ இன்னுமா அவன்கிட்ட குடுக்கல?"

லண்டனில் என் அறைக்குத் திரும்பிப் பொட்டலத்தைக் கொட்டினேன். இருந்தது. ஏமாற்றிவிட்டாரே என்று ஆத்திரம். பதினைந்து நாள் அவன் உயிரைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேனே என்று என்மேலேயே வெறுப்பு. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், கண் விழித்தவனைத் திட்டினேன், இங்கேயே ஒரு டாக்டரைப் பார்த்துத் தொலைத்திருக்கலாமே என்று. "அம்மா வேணாம்னாங்கண்ணா. பொண்ணு பாக்கறாங்க. வெளிய தெரிஞ்சிடும்னு பயம்." அட்டையைப் பிய்த்தது அதற்குத்தான். மருந்தின் பெயர் தெரிந்தால் நான் தெருவெல்லாம் சொல்லிவிடுவேன் என்று நினைத்திருக்கிறார். எனக்கு முன்னாலேயே அவர் என்னைச் சந்தேகப்பட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை கொடுத்துவிட்டதால் டப்பா என்னிடம் தங்கிவிட்டது. மூன்று மாதம் முடிந்து நான் ஊர் வந்தபோது பையனும் விடுமுறையில் வந்திருந்தான். டப்பாவைக் கொடுக்க எதிர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பழக்கமில்லாத செருப்புகள். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆத்திரம் விடவில்லை, உள்ளே போனேன். பெண் வீட்டார் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பையன் புதுப் பற்கள் தெரிய உட்கார்ந்திருந்தான். "உங்க டப்பா டீச்சர்" என்று நீட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள். டீச்சர் அதைத் தொடவில்லை. "எங்களுது இல்லியே தம்பி" என்றார், நிதானமாக. வேறு யாருடையதோ போல என்று முனகிவிட்டு நானும் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது எனக்கே ரத்த அழுத்தம். வெளிநாடு கிளம்பினால் அட்டையும் சீட்டுமாக என் மாத்திரைகளை எடுத்துவைக்க இந்த இழுப்பறையைத்தான் திறக்கிறேன். உடனே பெருங்காயம் மணக்கிறது. அன்று காபி குடித்தவர்களின் பெண்தான் இன்று எதிர் வீட்டு மருமகள். அவளிடம் யாராவது சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. வாசலில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா அண்ணா?" என்று கேட்பாள். நல்லா இருக்கேம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.