பெட்ரோல் உள்ள வரக் கூடாது

மெக்கானிக் தொழில்ல வண்டியைச் சமாளிச்சுடலாம், வண்டிக்காரன் சம்சாரத்துக்குப் பதில் சொல்றதுதான் பெரும்பாடு. கையில கிரீஸ் பட்ட அண்ணன் தம்பிங்களுக்கு இதை நான் சொல்லணுமா? எழுபதுகள்ல கும்மிடிப்பூண்டி ரோட்டோரம் ஷெட் போட்டிருந்தேன். அப்போ நடந்தது இது.

மோந்து பார்த்த சரோஜா

டாக்ஸி ஓட்டுற ரத்தினத்துக்கு சோழவரம் கார் ரேஸ்ல ஓடணும்னு வெறி. அதுக்குன்னே ஒரு பழைய கார் வாங்கினான். ஓட்டும்போதே பெட்ரோல் பிரஷர் தெரியணும்னான். நானும் டேஷ்போர்டுல ஒரு மீட்டரை வெச்சு, என்ஜின்லேருந்து பெட்ரோல் டியூபை நேரா உள்ள இழுத்து மாட்டிட்டேன்.

சாப்பாட்டு கேரியரோட வந்தாங்க அவன் சம்சாரம் சரோஜா. கதவைத் திறந்து மோந்து பார்த்தாங்க, முகமே மாறிடுச்சு. போன வருஷம்தான் டாக்ஸி தீப்பிடிச்சு ரத்தினத்துக்குக் கை வெந்திருந்தது. "அண்ணே, பெட்ரோலு உள்ள வந்துச்சுன்னா இவரு ரேஸுக்குப் போவ மாட்டாரு, சாவிய கெணத்துல போட்டுடுவேன்." சொல்லிட்டு கார் சாவியைப் புடுங்கிக்கினு போயிட்டாங்க.

காசிம் பாய் கடைஞ்ச டப்பி

பக்கத்து ஷெட்டுல லேத் வெச்சிருந்தார் பழவேற்காட்டு காசிம் பாய். விஷயத்தைக் கேட்டுட்டு பித்தளையில ஒரு சின்ன டப்பி கடைஞ்சார். நடுவுல ரப்பர் தடுப்பு. ஒரு பக்கம் பெட்ரோல் வந்து அழுத்தும். அடுத்த பக்கம் இருக்கிற கிளிசரின் அந்த அழுத்தத்தை மட்டும் மீட்டருக்குக் கொண்டுபோகும். பெட்ரோல் என்ஜின் பக்கமே நின்னுடும். அடேயப்பா, என்ன மூளை!

நான் ஒரு அவசரக்குடுக்கை. தடுப்புக்கு சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டேன். மறுநாள் அது பூரி மாதிரி உப்பிக் கெடந்தது. பாய் திட்டல. என்ஜின் பெட்ரோல் பம்புக்குப் போடுற ரப்பரை வெட்டிக் கையில குடுத்தார். "காத்து குடிச்சு வளர்ந்த ரப்பருக்கு நீ பெட்ரோல் ஊத்துனா இன்னா நைனா பண்ணும் அது?"

காத்து எடுத்த கதை

கிளிசரின் ஊத்தியும் மீட்டர் முள்ளு குதிச்சுக்கினே இருந்தது. டியூபுல காத்து. பிரேக்குல காத்து எடுக்க எனக்குத் தெரியும், ஆனா இங்க மிதிக்கிறதுக்குப் பெடல் ஏது? ஒரே பேஜாரு.

பாய் மருந்துக்கடையிலேருந்து கண்ணாடி சிரிஞ்சு வாங்கியாந்தார். டியூபை மேடு பள்ளம் இல்லாம மேல ஏறுற மாதிரி கட்டினார். மீட்டர் பக்கத்து நட்டைத் தளர்த்திட்டு, டப்பியில இருந்த துளை வழியா கிளிசரினை மெதுவா ஏத்தினார். குமிழி ஒவ்வொண்ணா வெளிய வந்துது. கடைசிக் குமிழி போனதும் நட்டை இறுக்கித் துளையை அடைக்கச் சொன்னார். முள்ளு அசையாம நின்னுது. அந்த மனுஷன் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கலாம்னு இருந்தது. சரோஜா வந்து மீட்டரை ரெண்டு தடவை மோந்து பார்த்துட்டு சாவியை எடுத்து நீட்டினாங்க. "ஒரு வாசமும் இல்ல பாய், போவட்டும்."

ஞாயித்துக்கிழமை

ரேஸ்ல ரத்தினம் ரெண்டாவதா போய்க்கினு இருந்தான். நாங்க தொண்டை கிழியக் கத்துறோம். திடீர்னு வண்டியை ஓரம் கட்டிட்டான். முள்ளு சடார்னு விழுந்துச்சாம். பானெட்டைத் திறந்தா, பெட்ரோல் டியூப் கழண்டு, கொதிக்கிற என்ஜின் பக்கத்துல ஒழுகிக்கினு இருக்குது. அந்த டியூப் கிளிப்பை இறுக்கினவன் நான்தான்.

மறுநாள் காலையில அவங்க ஊட்டுக்குப் போய் தப்பை ஒத்துக்கினேன். சரோஜா தட்டை எடுத்து வெச்சாங்க. "தோத்துட்டு முழுசா ஊடு வந்து சேர்ந்தாரே அண்ணே, உக்காந்து நாஷ்டா சாப்ட்டுப் போங்க."

நான் முடுக்கின வண்டி தோத்ததுக்கு எனக்கு இட்லி கெடைச்சது அந்த ஒரு தடவைதான்.