அடக்குமுறையாளர் அல்ல, அடக்கி

பேருந்தில் முன் இருக்கைக்காரர் கைபேசியில் "கிளம்பி வந்துட்டிருக்கேன்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், பின்னாலிருந்து குனிந்து, "வந்துட்டிருக்கேன்னாலே போதும் சார், கிளம்பாம எப்படி வருவீங்க?" என்கிறார் இவர். திட்டு விழுகிறது. திட்டு வாங்குவதில் இவருக்கு வருத்தமில்லை. திட்டில் பிழை இருந்தால்தான் வருத்தம்.

பாடநூல் அலுவலகத்தில் உயிரியல் புத்தகங்களின் மொழியைச் சரிபார்ப்பவர். 'திருத்தி' என்பது அங்கே இவருடைய பெயர். பக்கம் அமைக்கும் எனக்கு அடுத்த மேசை. ஆகவே சேதாரம் எனக்குத்தான் அதிகம்.

போன வருடம் மரபியல் பாடத்தில் ஒரு விபத்து நடந்தது. மரபணுவை வேலை செய்யவிடாமல் தடுக்கும் புரதத்துக்கு ஆங்கிலத்தில் ரெப்ரஸர் என்று பெயர். மொழிபெயர்த்தவர் அதை 'அடக்குமுறையாளர்' ஆக்கிவிட்டார். 'அடக்குமுறையாளர் டி.என்.ஏ.வின் மேல் அமர்ந்திருப்பார். சர்க்கரை வந்தால் எழுந்து போய்விடுவார்' என்று பாடம் மிகுந்த மரியாதையோடு போய்க்கொண்டிருந்தது. இவர் அடித்துவிட்டு 'அடக்கி' என்று எழுதினார். இரண்டும் ஒன்றுதானே என்றார் குழுத் தலைவர்.

"ஒண்ணு இல்லீங்க. அடக்குமுறையாளர்னா ஆளைப் பிடிச்சு உள்ள போடுவார். இது புரதம்."

பிறகு விளக்கம் தொடங்கியது. பால் சர்க்கரை இல்லாத இடத்தில் பாக்டீரியா எதற்கு அதைச் செரிக்கும் நொதியைத் தயாரிக்க வேண்டும்? அதனால் அடக்கி, அந்த மரபணுக்களின் வாசலில் உட்கார்ந்துகொள்கிறது. சர்க்கரை வந்து ஒட்டினால் அடக்கியின் வடிவம் மாறுகிறது, பிடி தளர்கிறது, விலகிக்கொள்கிறது. வேலை ஆரம்பமாகிறது. "அதைக் கெட்டதுன்னு நினைக்காதீங்க. வேண்டாத நேரத்துல வேண்டாததை நிறுத்தி வைக்குது. அது இல்லேன்னா எல்லாம் ஒரே சமயத்துல ஆரம்பிச்சிடும்" என்றார். தலைவருக்கு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. சொல் புத்தகத்தில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சுக்குப் போகும் பக்கங்களை எடுத்துக்கொண்டு இவர் வீட்டுக்குப் போவேன். மனைவி, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள். அமைதியான வீடு. மனைவி ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார். இவர் அதன் வினைச்சொல்லைச் சரிசெய்வார். அந்த அம்மாள் மீதி வாக்கியத்தை இவரிடமே விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவார். ஒருமுறை மகள் வந்து, "அப்பா, எனக்கு ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"எனக்கு இல்லம்மா, நான். நான் ஒண்ணு கேக்கணும்."

"ஒண்ணுமில்லப்பா."

ஒன்றுமில்லை என்றே இவரும் நம்பினார்.

இவர் குளிக்கப் போனால் நிலைமை வேறு. குழாய்ச் சத்தம் கேட்டதும் வீடு வாய் திறக்கும். ஒருமைக்கும் பன்மைக்கும் கலப்புமணம் நடக்கும். அம்மாவும் மகளும் ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறி விழுந்து சிரிப்பார்கள். நானும் கூட நாலு தப்பாவது செய்வேன்.

சென்ற ஞாயிறு இவர் குளிக்கப் போன பிறகும் சிரிப்பு குறைவாக இருந்தது. வேறு ஊரில், பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில் மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் சேர வேண்டும். என்னிடம்கூடச் சொல்லிவிட்டாள், அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்குக் கோபம் வரும் என்று பயமா என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் படமாட்டார் அண்ணா. அவர் திருத்தி முடிக்கிறதுக்குள்ள, நான் என்ன சொல்ல வந்தேன்னே எனக்கு மறந்துடும்."

அப்பாவிடம் சொல்லப்போவதை ஒருமுறை ஒத்திகை பார்க்கும்படி அம்மா அவளிடம் சொன்னார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். வேலை, சம்பளம், தங்குமிடம், தனியாக இருக்கப் போவதில் தனக்குள்ள ஆசை, கொஞ்சம் பயம் என்று தட்டுத்தடுமாறி, எழுவாய் ஒரு பக்கம் பயனிலை ஒரு பக்கமாக, ஆனால் நிற்காமல் பேசினாள். அந்த வீட்டில் அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

குழாய்ச் சத்தம் எப்போது நின்றது என்று அவர்கள் கவனிக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் தீர்ந்திருக்க வேண்டும். என் நாற்காலி மட்டும் குளியலறையைப் பார்த்துக் கிடந்தது. கதவு ஒரு சாண் திறந்திருக்க, இவர் இடுப்பில் துண்டோடு நின்றார். மோட்டார் போடச் சொல்ல வந்தவர். வாய் பாதி திறந்திருந்தது. தலை நிறைய நுரை. அது நெற்றியில் வழிந்து ஒரு கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மகள், "நான் போறது உங்களுக்கு வருத்தமா இருக்குதுங்களா அப்பா" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

இவர் என்னைப் பார்த்தார். உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தார். பிறகு, தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல், கதவைச் சாத்திக்கொண்டார்.