எக்செல் டீச்சர் கட்டிப்போட்ட க்யூபிட்

எக்செல் டீச்சருக்கு அந்தப் பட்டம் சும்மா வந்துவிடவில்லை. ஒரு தனியார் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில் வருடக்கணக்கில் கட்டங்களுக்குள் கூட்டவும் பெருக்கவும் கற்றுக்கொடுத்து, மார்க்கிலிருந்து பள்ளிப் பஸ் நேரம் வரை எல்லாவற்றையும் அந்தக் கட்டங்களுக்குள்ளேயே அடைத்து வாங்கிய பட்டம். பட்டம் நிரந்தரம், வேலைதான் இன்னும் தற்காலிகம்.

பக்கத்துப் பள்ளியில் ரோபோ செய்யச் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தலைமையாசிரியருக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீச்சரைக் கூப்பிட்டார்.

"நாம க்வாண்டம் கம்ப்யூட்டிங் ஆரம்பிக்கிறோம். நீங்கதான் எடுக்கறீங்க."

"சார், எனக்கு அதுல ஆனா ஆவன்னா கூடத் தெரியாது."

"இங்க யாருக்குமே தெரியாதே, அப்புறம் என்ன பயம்? மேலிடத்துலேருந்து ஓர் அதிகாரியம்மா வந்து கிளாஸைப் பார்ப்பாங்க. அவங்க நல்லபடியா எழுதிட்டா உங்க வேலை நிரந்தரம்."

அந்த ஒரு சொல்லுக்காக டீச்சர் விழுந்து விழுந்து படித்தார். சாதாரண பிட் என்றால் சைபர், இல்லாவிட்டால் ஒன்று, அதோடு சரி. க்யூபிட் அப்படியல்ல. அளந்து பார்க்கும்வரை இரண்டும் கலந்த நிலையில் இருக்கலாம். அளந்தால்தான் ஏதாவது ஒன்றாக விழும், எதுவாக என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வீடியோவில் வெள்ளைப் பலகை முன்னால் நின்றவர் சொல்லும்போது டீச்சருக்கு எல்லாமே புரிந்தது. வீடியோ முடிந்ததும் புரிந்ததும் அவரோடு போய்விட்டது. சரி, வாய்விட்டுச் சொன்னாலாவது நிற்கட்டும் என்று கணவரைப் பிடித்து உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். கணவர் லிஃப்ட் மெக்கானிக்.

"ஒரு லிஃப்ட் ஒரே நேரத்துல ரெண்டு மாடியிலயும் நிக்குதுன்னு நான் எழுதிக் குடுத்தா, அன்னிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"கதவைத் திறந்து பார்க்கற வரைக்கும்தாங்க."

"திறந்து பார்க்கறதுக்குத்தானே எனக்குச் சம்பளம்?"

முதல் வகுப்பு வந்தது. நிஜமான க்வாண்டம் கம்ப்யூட்டருக்குப் பள்ளி எங்கே போகும்? அதைப் போலவே நடித்துக்காட்டும் மென்பொருள்தான் இருந்தது. க்யூபிட்டைச் சரிபாதிக் கலவையில் வைத்து அளப்பது, இதையே பத்துத் தடவை செய்வது. "ஏறக்குறைய பாதிக்குப் பாதி வரும்" என்று சொல்லவேண்டிய டீச்சர் பதற்றத்தில் 'ஏறக்குறைய'வை விழுங்கிவிட்டார். ஒன்பது சைபர் வந்து தொலைத்தது. வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மானம் போன டீச்சர் உதவிப் பக்கங்களைத் துருவித் துருவி ஒரு வரியைக் கண்டுபிடித்தார். அதை நிரலில் சேர்த்து ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால், எத்தனை தடவை ஓட்டினாலும் அதே விடைகள் அதே வரிசையில் வரும். எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு, சைபர் ஐந்தும் ஒன்று ஐந்துமாக விழும் எண்ணைப் பிடித்துக் கட்டிப்போட்டார். அதற்கப்புறம் எந்த வகுப்பிலும் யாரும் சிரிக்கவில்லை. டீச்சரும் நிம்மதியாகத் தூங்கினார்.

அதிகாரியம்மா வந்து உட்கார்ந்தார். டீச்சர் திரையைக் காட்டி முழங்கினார்: "அளக்கறதுக்கு முன்னாடி என்ன வரும்னு உலகத்துல யாராலயும் சொல்ல முடியாது!"

"சைபர், ஒண்ணு, ஒண்ணு, சைபர்..." என்று மொத்த வகுப்பும் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுப் பத்தையும் ஒப்பித்தது. டீச்சரின் விரல் பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டது. திரையில் அட்சரம் பிசகாமல் அதுவே வந்தது.

டீச்சர் அவசரமாகத் திரையை மறைத்து நின்றார். தலைமையாசிரியருக்கோ தலைகால் புரியவில்லை. "பார்த்தீங்களா மேடம்! உலகத்துல யாராலயும் முடியாததை எங்க பசங்க சொல்றாங்க!"

"பிரமாதம்" என்று அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், வேலை கைக்கு வந்துவிடும். ஆனால் முன்வரிசையில் ஒரு பெண் பெருமையில் முகம் பூரித்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனப்பாடம் செய்த பத்து விடைதான் க்வாண்டம் என்று அந்தக் குழந்தை நம்பிக்கொண்டிருந்தாள். அதுதான் டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"எழுதாதீங்க மேடம். இது பசங்க திறமை இல்ல, என் தில்லுமுல்லு." நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டு, எல்லாரும் பார்க்க அந்த வரியை அழித்தார்.

"இப்ப என்ன வரும் டீச்சர்?" என்றாள் முன்வரிசைப் பெண்.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

ஓட்டினார். சைபர் மூன்றே மூன்று. மறுபடி ஓட்டினார், ஆறு வந்தது. பிள்ளைகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து திரையைச் சூழ்ந்துகொண்டார்கள். "அப்ப பரீட்சைக்கு எதைப் படிக்கறது?" என்று பின்னாலிருந்து ஒருவன் அலறினான். அதிகாரியம்மாவே தன்னை மறந்து, "இப்ப முதல்ல ஒண்ணு வரும் பாருங்க" என்றார். சைபர் வந்தது. அவர் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாயங்காலமே தலைமையாசிரியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முடிவைச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு வருடத்துக்குத் தற்காலிகம்தான்.

வீட்டில் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஒரு வரியை அப்படியே விட்டிருந்தா?" என்றார்.

"வேலை கெடைச்சிருக்கும்."

"வருத்தமா இல்லையா?"

"வயிறு எரியுது. பேசாம தட்டை எடுத்து வைங்க, சீக்கிரம் படுக்கணும். காலையில முதல் பீரியடே எனக்குத்தான். இன்னிக்குத்தாங்க பசங்க முதல் தடவையா என்கிட்ட கேள்வி கேட்டாங்க. ஒண்ணுக்குக்கூட எனக்குப் பதில் தெரியல."